ஆள் பிடித்தவர் வீட்டுக்கு முதல் பரிவட்டம்

மலேசியாவின் மெர்லிமாவில் கடைவீடுகள் கட்டினேன். எண்ணெய்க்கு ஆட்டும் செம்பனைக் குலை ஏற்றும் லோரிகள் வாங்கினேன். முதல் லோரியின் எஞ்சினை நானே பிரித்து நானே பூட்டினேன். தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். என் மகள் இன்று வக்கீல். எங்கள் ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயில் வெறும் தகரக் கொட்டகையாக இருந்தது. அடித்தளம் தோண்டியதிலிருந்து கோபுரத்துக்குச் சாந்து பூசியது வரை என் லோரி, என் சிமெண்டு, என் ஆட்கள். மழையில் மதில் சரிந்தது, மறுபடி எழுப்பினேன். தோட்டம் கைமாறியபோது கோயில் நிலத்துக்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவனும் நானே. வேறு யாரும் சொல்வதில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

எங்கள் திருவிழாவில் பூசாரி பட்டுத் துணியை முதலில் ஒருவர் தலையில் கட்டுவார். அதுதான் பரிவட்டம், முதல் மரியாதை. அது எப்போதும் பழைய கங்காணி வீட்டுக்குத்தான். இப்போது வாங்கிக்கொள்வது அவருடைய பேரன். கோலாலம்பூரில் இருக்கிறார், வருஷத்துக்கு ஒரு நாள் காரில் வந்து தலையைக் குனிந்து காட்டிவிட்டுப் போவார்.

இந்த வருஷம் என் கடை மேல்மாடியில் குடியிருக்கும் நைஜீரியாக்காரரையும் திருவிழாவுக்கு அழைத்துப் போனேன். சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் வெல்டர், நாற்பதைத் தாண்டியவர். நாங்கள் பேசுவது பாதி மலாய், பாதி ஆங்கிலம். அதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

“அங்கிள், கோயிலைக் கட்டுனது நான்னு சொன்னீங்க. துணிய ஏன் அந்த ஆளுக்குக் கட்டுறாங்க?”

“அவன் தாத்தா கங்காணி. தோட்டத்து வெள்ளக்காரத் தொரை அனுப்பி, சொந்த ஊருக்குப் போயி ஆள் சேத்து, கப்பல்ல ஏத்திக் கொண்டாந்தவரு.”

“சும்மாவா ஏத்துனாரு?”

“சும்மாவா? தலைக்கு இவ்வளவுன்னு வாங்குனாரு. எங்க ஆளுங்க வேலைக்குப் போற ஒவ்வொரு நாளுக்கும் தனியா வாங்குனாரு.”

அவர் கையில் இருந்த தண்ணீர்ப் போத்தலைக் கீழே வைத்தார். “எங்க ஊர்லயும் இதேதான் அங்கிள். ஆள் பிடிச்சு வித்தவன் வீடுதான் இன்னிக்கும் பெரிய வீடு.”

அன்னதானப் பந்தியில் உட்கார்ந்து அவர் மேலும் சொன்னார். அடிமை வியாபாரக் காலத்தில் வெள்ளைக்காரன் கப்பல் கரையில்தான் நின்றதாம். காட்டுக்குள் வந்து பிடித்துக் கொடுத்தவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். துப்பாக்கிக்காக ஆளை விற்றார்கள். துப்பாக்கி இல்லாத ஊர் அடுத்து விற்கப்பட்டது. பெரியவர்கள் வயலுக்குப் போன நேரத்தில் பிள்ளைகளைத் தூக்கினார்கள். தூரத்து வயல்கள் புதர் மண்டின. அதோடு முடியவில்லை. கப்பலுக்கு அனுப்பாமல் ஊரிலேயே வைத்துக்கொண்ட அடிமைகளின் பரம்பரைக்கு இன்றும் பெண் கொடுக்கத் தயங்குகிறார்களாம். தலைமைப் பதவியில் உட்கார விடுவதில்லையாம். விற்றவன் பரம்பரை மேடையில். விற்கப்பட்டவன் பரம்பரை வாசலில். முன்பின் தெரியாதவன் பெயர் கேட்டால் பதில் சொல்லாதே என்றுதான் அவருடைய அம்மா அவரை வளர்த்தாராம்.

எங்கள் ஆட்களைச் சங்கிலியில் கட்டவில்லை. சிலர் ஊருக்குத் திரும்பியும் போனார்கள். அவர்கள் பட்டதை நாங்கள் பட்டோம் என்று சொன்னால் என் வாய் அழுகிப்போகும். ஆனால் என் அப்பாவை நினைத்தேன். பால்மரம் சீவிச் சீவி முதுகு வளைந்தவர். ஊர்க்காரன் எவனாவது சிரித்துப் பேசினால் உடனே கதவைச் சாத்துவார். அவருடைய அப்பாவைச் சந்தையில் வைத்துச் சிரித்துப் பேசித்தான் கூட்டி வந்தார்கள் அந்தக் கங்காணியும் அவர் ஆட்களும், அதே ஊர்க்காரர்கள். அந்தப் பயத்தை என் அப்பா சாகும்வரை விடவில்லை. அந்தச் சிரிப்புக்கா நான் கட்டிய கோயிலில் பட்டுத் துணி?

மறுவாரம் கோயில் கமிட்டிக் கூட்டம். அடுத்த மாதக் கும்பாபிஷேகத்துக்கு வைக்கப்போகும் கல்வெட்டின் வாசகத்தைத் தலைவர் படித்தார். முதல் வரியில் கங்காணி குடும்பம். கடைசி வரியில் ‘மற்றும் உபயதாரர்கள்’. நான் அந்த மற்றும்!

“என் பேரு எங்க?” என்றேன்.

“சம்பிரதாயம்லா அண்ணே. அவங்க தாத்தா கூட்டியாரலைன்னா நம்ப ஏது இங்க?”

“அப்ப அமெரிக்காவுல இருக்கிற கறுப்பு ஆளுங்க, அவங்க தாத்தாவ ஏத்துன கப்பல்காரனுக்கு மால போடணுமா?”

யாரோ ஒருவர் பின்னாலிருந்து, “அண்ணன் ஆப்பிரிக்காவுக்கே போயிட்டாரு, யாராச்சும் லோரி அனுப்பிக் கூட்டியாங்க” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் லோரி ஏற்றி வந்த கல்லில், என் ஆட்கள் போட்ட தரையில் உட்கார்ந்துகொண்டு சிரித்தார்கள். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

கமிட்டிக்காரர்களே, இது உங்களுக்குத்தான். வயசான கோபம் என்று ஒதுக்க வேண்டாம். கல் இன்னும் செதுக்கப்படவில்லை. கல்தச்சரிடம் நானே கேட்டுவிட்டேன். கங்காணியின் பெயர் வேண்டுமா, போடுங்கள். கூடவே அவர் தலைக்கு இவ்வளவு என்று வாங்கி ஆள் சேர்த்தவர் என்றும் போடுங்கள். அதைப் போட வெட்கமாக இருந்தால் பெயரையும் எடுங்கள். இந்தக் கோயிலைக் கட்டியவன் நான். என் பெயர் முதல் வரியில், பெரிய எழுத்தில், நான் செய்த வேலையோடு இருக்க வேண்டும். அடுத்த திருவிழாவில் பூசாரி அந்தத் துணியை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் முதலில் வர வேண்டும்.