நான் வாயடைச்ச லேப்டாப்

எனக்குப் பயம்னா இன்னான்னே தெரியாதுன்னு ரொம்ப நாளா பீத்திக்கிட்டிருந்தேன். செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல லேப்டாப் ரிப்பேர் கடை வச்சிருக்கிறேன். பொம்பளைக்கு இன்னா தெரியும்னு கேட்டுக்கிட்டே உள்ள வர்றவங்களை வச்சிப் பொழைக்கணும்னா கொஞ்சம் திமிரு வேணும். எனக்கு அது கொஞ்சம் கூடவே இருந்துச்சு.

சென்னையில ஒரு கம்பெனி கழிச்சிப் போட்ட லேப்டாப் ரெண்டு வாங்கியாந்தேன். ரெண்டும் ஒரே மாடல். ரெண்டுலயும் விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டேன். அது இலவசம், உள்ள இன்னா எழுதியிருக்குதுன்னு யாரு வேணா பாக்கலாம், பழைய மெஷினுலயும் நல்லா ஓடும். ஆனா இந்த ரெண்டும் திடீர் திடீர்னு அணைஞ்சுபோச்சு. மெஷின் தனக்கு நடந்ததை எழுதி வைக்கிற லாகைத் திறந்து பாத்தா சூடு நூத்தி இருபத்தெட்டு டிகிரின்னு இருக்குது. தொட்டுப் பாத்தா ஜில்லுன்னு இருக்குது.

குத்தம் லினக்ஸ் மேல இல்ல. பயாஸ்னு ஒண்ணு இருக்குது, லேப்டாப் செய்யற கம்பெனியே உள்ள எழுதி வச்சி அனுப்புற சின்ன புரோக்ராம். அது நடுநடுவுல சூட்டைப் பத்திப் பொய் சொல்லுது. லினக்ஸ் அதை நம்பி, எரியப்போவுதுன்னு மெஷினை நிறுத்திடுது. பயாஸைத் திருத்தலாம்னா, கம்பெனி அந்த மாடலைக் கைகழுவி எத்தனையோ வருஷம் ஆயிடுச்சு.

நெட்டுல தேடி ஒரு வழி கண்டுபிடிச்சேன். லினக்ஸ் எழுந்திரிக்கும்போதே ஒரு வரி சொல்லிடலாம்: சூடு எல்லை தாண்டிடுச்சின்னு பயாஸ் கத்தினா காதுல போட்டுக்காத. இப்பல்லாம் நான் அப்படிச் செய்யறதில்ல. பிராசசர் தானா காட்டுற சூட்டைத் தனியா படிச்சு, அது ஏறினா நிறுத்துற மாதிரி எழுதி வைக்கிறேன். அன்னிக்கு அந்தப் புத்தி இல்ல. வரியைப் போட்டேன், ரெண்டும் நாள் பூரா நிக்காம ஓடுச்சு, எனக்குத் தலைகால் புரியல. ஒண்ணைக் கடையில வச்சிக்கிட்டு இன்னொண்ணை தொண்டூர் பக்கம் ஒரு அங்கன்வாடி டீச்சருக்குக் குடுத்தேன். கவர்மெண்ட் பரீட்சைக்கு வீடியோ பாத்துப் படிக்கிறவங்க. வீட்டுக்காருக்கு வெளியூருல வேலை. வீட்டுல அவங்களும் ஒன்றரை வயசுப் பொண்ணும்தான்.

சித்திரை மாசம். பாறையெல்லாம் காஞ்சி, கடை ஃபேனு அனலைத்தான் இறைக்குது. ஒரு மத்தியானம் கடை லேப்டாப்பை ஓட விட்டுட்டு சாப்டப் போனேன். திரும்பி வந்தா பிளாஸ்டிக் கருகுற வாடை. லேப்டாப் உள்ள இருந்த ஃபேனு நின்னுபோயிருந்துச்சு. பேட்டரி உப்பி அடித்தட்டைப் பொளந்துக்கிட்டு நிக்குது. மேசை ரெக்சின் உருகிக் கெடக்குது. கோணியைப் போட்டுத் தூக்கி வெளிய மண்ணுல வச்சேன். இந்தத் தடவை பயாஸ் நெஜமாத்தான் கத்தியிருக்கும். கேக்காதன்னு சொன்னவ நான்.

அப்பத்தான் தொண்டூர் நெனப்பு வந்துச்சு. அதே மாடல், அதே வரி, வீட்டுல ஒரு கொழந்தை. டீச்சருக்குப் போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப். மறுபடியும் சுவிட்ச் ஆஃப். ஷட்டரைக்கூட இறக்காம ஸ்கூட்டியை எடுத்தேன். வழியெல்லாம் சாமிகிட்டப் பேரம் பேசினேன். கடையையே மூடிடுறேன், அந்தக் கொழந்தைக்கு மட்டும் ஒண்ணும் ஆவக்கூடாது. ஊர் நெருங்கும்போது புகை தெரிஞ்சுது. யாரோ கரும்புச் சோகை கொளுத்தியிருந்தாங்க. அது சோகைன்னு தெரியறதுக்குள்ள எனக்கு உசுரு போய் வந்துடுச்சு.

கதவை இடிச்ச இடியில டீச்சர் தூக்கக் கலக்கத்தோட வந்து திறந்தாங்க. கொழந்தை தூங்கட்டும்னு போனை அணைச்சி வச்சிருந்தாங்களாம். நான் நின்னு கேக்கல, உள்ள ஓடினேன். கட்டில் மெத்தை மேல லேப்டாப், அதுல சத்தமில்லாம பாடம் ஓடிக்கிட்டிருக்குது. அதை ஒட்டி கொழந்தை தூங்குது. தொட்டேன், சுள்ளுன்னு சுட்டுச்சு. வயரைப் பிடுங்கி, புடவைத் தலைப்பால வாரி எடுத்துக்கிட்டுப் போய் வாசல்ல வச்சேன். திரும்பி வந்து கொழந்தையைத் தூக்கிப் பாத்தா, முழங்கை கிட்ட தோலு செவந்திருக்குது. அது என்னைப் பாத்து அழுதுச்சு. நானும் தரையில உக்காந்து அழுதேன்.

கொழந்தை கையில தண்ணி ஊத்திக்கிட்டே டீச்சர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். வரி போட்டதையும் சொன்னேன், கடையில கருகினதையும் சொன்னேன். அடிச்சாக்கூட வாங்கிக்கலாம்னுதான் இருந்தேன். அவங்க கொழந்தையை மடியில வாங்கிக்கிட்டாங்க.

"நாலு நாளா சுடுதுக்கா. சூடு ரொம்ப ஏறினா லேப்டாப் தானா நின்னுடும்னு எங்க வீட்டுக்காரு சொன்னாரு. இது நிக்கவே இல்ல. அதனால ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சிதான் பாப்பா பக்கத்துல வச்சேன்."