கூரைக்கு அடியில் உட்காராத ரெஜினா அக்கா

செய்தி காலை ஏழு மணிக்கு வந்தது. போன் செய்தது ரெஜினா அக்காவின் மகள். "அண்ணா, அம்மா போயிட்டாங்க. டீ போட்டுக்கினு இருந்தாங்க, அப்டியே உக்காந்துட்டாங்க. ஆட்டோல ஏத்தறதுக்குள்ள..." அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. வெளியே மழை பிடித்திருந்தது. என் மனதில் முதலில் எழுந்தது துக்கம் இல்லை, ஒரு கேள்வி: இன்றைக்குக் குழாய்களை யார் தொட்டுப் பார்ப்பார்கள்? இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவரைத் தெரிந்தவர்கள் வாசிக்கப்போகிற இந்தக் குறிப்பில் நான் பொய் எழுதப்போவதில்லை. ஏற்கெனவே ஒன்று எழுதியிருக்கிறேன். அதுவும் கீழே வரும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். தாம்பரத்திலிருந்து படப்பை போகிற சாலையில், கண்டக்டர்கள் "குண்டான் ஸ்டாப் எறங்கு" என்று கத்துகிற இடத்தில் இருக்கிறது எங்கள் அரங்கம். கவிழ்த்து வைத்த இட்லிக் குண்டான் மாதிரி ஒரு பெரிய கூரை, நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. கபடி, பாட்டுக் கச்சேரி, ஜெபக்கூட்டம், வேலைவாய்ப்பு முகாம், தேர்வு எல்லாம் அதற்குள்தான் நடக்கும். நான் அதன் கட்டமைப்புப் பொறியாளர். ரெஜினா அக்கா பராமரிப்பு மேற்பார்வையாளர். எனக்கு முன்பே அங்கே வந்தவர். அஸ்திவாரம் தோண்டிய நாளிலிருந்து சைட் ஆபீசில் வருகைப் பதிவேடு வைத்திருந்தார். எந்த இரும்பு எப்போது வந்தது, எந்த வெல்டர் எந்த நாள் காய்ச்சலோடு வேலை செய்தான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

அவரைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அவர் அந்தக் கூரைக்கு அடியில் உட்கார மாட்டார் என்பது. வேலை இருந்தால் உள்ளே வருவார், முடிந்ததும் வெளியே போய்விடுவார். மதியச் சாப்பாடு பின்பக்கத்துப் பம்ப் ரூமில்தான். ஏசி அறையை விட்டுவிட்டு மோட்டார் சத்தத்துக்கு நடுவே டிபன் பாக்ஸைத் திறப்பார். எலக்ட்ரீஷியன் பாஷா அண்ணன் ஒருநாள் கேட்டார்.

"இன்னாக்கா, வானம் இடிஞ்சி வுழுந்துடும்னு பயமா?"

"வானத்த எவன் கட்னான்னு எனக்குத் தெரியாது, பாஷா. இத கட்னவன எனக்குத் தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, எரிச்சல்தான் வந்தது. கணக்கு போட்டு, சோதித்து, கையெழுத்து வாங்கி நிற்கிற ஒரு கட்டடத்தைப் பார்த்து பயப்படுவது எனக்கு மூடநம்பிக்கையாகப் பட்டது. அதை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். "எனக்கு சம்பளமே பயப்படறதுக்குத்தான் தம்பி. நீ உன் வேலையப் பாரு" என்றார்.

அந்த பயத்துக்கு ஒரு முறை இருந்தது. கூரையின் விளிம்பைச் சுற்றி ஒரு வாய்க்கால் ஓடுகிறது. கூரையில் விழுகிற மழை முழுவதும் அதில் சேர்ந்து இருபத்து நான்கு குழாய்கள் வழியாகக் கீழே இறங்கும். அந்தக் குழாய்கள் மேல்தளத்து வராந்தாவின் சுவரை ஒட்டிப் போகின்றன. மழை பெய்கிற நாளெல்லாம் ரெஜினா அக்கா அந்த வராந்தாவைச் சுற்றி வருவார். ஒவ்வொரு குழாயிலும் உள்ளங்கையை வைப்பார், உள்ளே தண்ணீர் ஓடிக் குழாய் அதிர்கிறதா என்று பார்ப்பார், அடுத்ததற்குப் போவார். முழுச் சுற்று. முடிந்ததும் கீழே வந்து, "இருவத்தி நாலும் பேசுது" என்று சொல்வார். வராந்தாவில் போனால் இப்போதும் பார்க்கலாம், ஒவ்வொரு குழாயிலும் அவர் தோள் உயரத்தில் பெயின்ட் மங்கியிருக்கும்.

எனக்கு அது அபத்தமாகத் தெரிந்தது. வாய்க்காலில் தண்ணீர் மட்டம் காட்டும் சென்சார் வைத்திருந்தேன், போனிலேயே பார்க்கலாம். ஆனால் சென்சார் இரண்டுதான், இரண்டுமே மேற்குப் பக்கம். அங்கே மின் இணைப்பு பக்கத்தில் இருந்தது, கேபிள் இழுக்கிற வேலை மிச்சம் என்று நான்தான் அங்கே வைத்தேன். வாய்க்கால் நான்கு பாகமாகத் தடுக்கப்பட்டது, ஒரு பாகத்தின் தண்ணீர் இன்னொன்றுக்குப் போகாது என்பது வரைபடத்தில் இருக்கிறது. எனக்குத் தெரியும். தெரிந்தும் வைத்தேன்.

இதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. புறாத் தொல்லை வந்தது. குழாய் வாயில் கூடு கட்டுகின்றன, எச்சம் விழுகிறது என்று புகார். இருபத்து நான்கு வாய்க்கும் கொசுவலை மாதிரி நெருக்கமான கம்பிவலை போடச் சொன்னேன். அக்கா வலையைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இதுல புறா மட்டுமா மாட்டும்? தீவாளி வருதே தம்பி."

"தீபாவளிக்கும் இதுக்கும் என்னக்கா?"

"சுத்தி நாலு நகர். சரவெடிப் பேப்பர் பூரா காத்துல பறந்து எங்க வந்து வுழும்? உன் குண்டான் மேலதான். நனஞ்சா கூழு. கூழு வலையில ஒட்னா?"

"அடைச்சாலும் பரவால்ல. நிரம்பினா வழிஞ்சு வெளில போக தனியா ஓட்டை இருக்கு. ட்ராயிங் பாருங்க."

"அந்த ஓட்ட மேலதான் போன மாசம் வெளம்பரப் பலக மாட்னாங்க. ட்ராயிங்ல அது இருக்கா?"

இல்லை. பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை. தீபாவளி முடிந்ததும் மேலே ஆள் ஏற்றச் சொல்லி இரண்டு முறை கேட்டார். கச்சேரி இருக்கிறது, அது முடியட்டும் என்றேன்.

பிறகு அந்த மழை. இங்கே இருந்தவர்களுக்கு அதை நான் விவரிக்க வேண்டியதில்லை. இரண்டு நாள் விடாமல் பெய்து, அடையாற்றை ஒட்டிய தெருக்களில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. முடிச்சூர்ப் பக்கத்திலிருந்து படகிலும் டிராக்டரிலும் ஜனங்களைக் கொண்டுவந்து நம் அரங்கத்தில் இறக்கினார்கள். கபடி ஆடிய தரையில் வரிசையாகப் பாய் போட்டுக் குடும்பம் குடும்பமாகப் படுத்திருந்தார்கள். மேலே கூரையில் மழை விழுகிற சத்தம். அந்தக் கூரைக்குக் கீழே வந்துவிட்டதால் பிழைத்தோம் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

மூன்றாவது நாள் மதியம் மூன்று மணி இருக்கும். ரெஜினா அக்கா வராந்தாவிலிருந்து ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

"கெழக்கால ஆறு குழாய் பேசல."

போனை எடுத்துக் காட்டினேன். "நார்மல் காட்டுதுக்கா."

"மழ இப்டி ஊத்துது. ஆறு குழாயும் சும்மா கீது. அப்ப தண்ணி எங்க தம்பி போவுது?"

நான் திரையை மறுபடி தட்டிப் பார்த்தேன்.

"போன்ல மழ பெய்யாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோபத்தில்தான் மேலே ஏறினேன். பாஷா அண்ணனைக் கூப்பிட்டுக்கொண்டு, இடுப்பில் கயிறு கட்டி, கிழக்குப் பக்கத்து ஏணிக்கூண்டு வழியாக. அவர் சொல்வது தப்பு என்று போட்டோ எடுத்து வந்து காட்ட வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். மூடியைத் தூக்கித் தலையை வெளியே நீட்டினேன். வாய்க்கால் தெரியவில்லை. அங்கே ஒரு குளம் இருந்தது. தண்ணீர் வாய்க்காலை நிரப்பி, விளம்பரப் பலகையில் முட்டி, கூரைத் தகட்டின் மேல் பின்வாங்கி நின்றது. ஒரு பக்கெட் தண்ணீர் தூக்கியவர்களுக்கு எடை தெரியும். குவிமாடம் எல்லாப் பக்கமும் சமமாக வருகிற சுமையைத் தாங்கும். ஒரு பக்கமாக ஏறுகிற சுமைதான் அதற்கு ஆகாது. கல்லூரியில் அதைக் கணக்காகப் படித்தேன். அன்றைக்கு மூடி வழியாக வெளியே இறங்கியபோது என் கால் தண்ணீருக்குள் இருந்தது, தகடு மெல்ல நெளிவது பாதத்துக்குத் தெரிந்தது.

கையை விட்டுத் துழாவினேன். முதல் வலை சிக்கியது. அதன் மேல் சிவப்பாக, தடிமனாக, தோசை மாவு போல ஒரு படிவு. வெடிப் பேப்பர். வலையைப் பிய்த்ததும் தண்ணீர் உறுமிக்கொண்டு உள்ளே போனது. இரண்டாவது வந்துவிட்டது. மூன்றாவது கையில் இருந்தபோது எங்களுக்குக் கீழே ஏதோ முறிந்தது. அதற்குப் பின்னால் நீளமாகச் சரிகிற ஓசை, தண்ணீர் மொத்தமாக விழுகிற ஓசை. பிறகு மழை மட்டும்தான் கேட்டது.

பாஷா அண்ணன் "யா அல்லா" என்றார். "கீழ ஜனம் படுத்துக்கினு கீறாங்களே." இன்னும் மூன்று வலை பாக்கி. அவற்றைப் பிய்க்காமல் இறங்க முடியாது. கீழே ஆள் இருக்கிறார்களா, இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று தெரியாமல் அந்த மூன்று வலையையும் பிய்த்தேன். என் வாழ்க்கையில் அதற்குமுன் நான் பயந்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. விரல்கள் கம்பியைப் பிடிக்கவில்லை, பாஷா அண்ணன்தான் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

இறங்கி வந்து பார்த்தோம். கிழக்குப் பக்கத்தில் உட்கூரைத் தகடு ஒரு பஸ் நீளத்துக்குப் பெயர்ந்து தரையில் கிடந்தது. சுற்றிலும் தண்ணீர். அதில் ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு மிதந்தது. வேறு ஒன்றுமே இல்லை. பாய் இல்லை, பை இல்லை, ஆள் இல்லை. எல்லோரும் மேற்குப் பக்கத்தில் நெருக்கியடித்து நின்று, ரெஜினா அக்காவைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

நடந்தது இதுதான். என்னை விட்டுப் போனவர் நேராக மைக்கைப் பிடித்திருக்கிறார். கூரை, தண்ணீர், ஆபத்து என்று ஒரு வார்த்தை பேசவில்லை. "மேக்கு கேலரியாண்ட சாம்பார் சாதம் குடுக்கறாங்க. பாய், பை எல்லாம் எடுத்துக்கினு வாங்க. வுட்டுட்டு வந்து தொலஞ்சா நாங்க பொறுப்பில்ல." பாயை எடுத்துக்கொண்டு வந்தவர்கள் திரும்பிப் போக வேண்டியதில்லை. கதவுகளில் நெரிசலும் இல்லை.

"எங்கம்மா சாதம்?" என்று ஒரு பெரியவர் கத்தினார்.

"லாரிக்காரன் ஸ்டாப்ப தாண்டிப் பூட்டானாம் நைனா. திரும்பிக்கினு கீறான்."

கூரைக்கு அடியில், நட்ட நடுவில், அவர் அவ்வளவு நேரம் நின்றது அன்று ஒருநாள்தான்.

இப்போது அந்தப் பொய். அறிக்கை எழுதியது நான். "அசாதாரண மழையின் காரணமாக உட்கூரைத் தகடு பெயர்ந்தது." வலையைப் பற்றி ஒரு வரி இல்லை, சென்சார் பற்றி இல்லை, இரண்டு முறை கேட்டும் நான் ஆளை மேலே அனுப்பாததைப் பற்றி இல்லை. மீதி வலைகளையும் கழற்றி, எல்லாவற்றையும் பழைய இரும்போடு போட்டுவிட்டேன். அக்கா அறிக்கையை நின்றபடியே படித்தார்.

"மழ மேல கேஸ் போட்டுட்டியா? அது வந்து சாட்சி சொல்லாது, நல்ல ஆளாத்தான் புடிச்சிருக்க."

நான் அறிக்கையை வாங்கிக் கவருக்குள் போட்டேன்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீ சொல்லு. எப்ப முடியுதோ அப்ப சொல்லு" என்றார். அவர் சொன்னபடியே இருந்தார், பாஷா அண்ணனும்தான். நான்தான் சொல்லவில்லை. அதன்பின் ஒவ்வொரு மழைக்கும் அவர் சுற்றி முடித்துவிட்டு என் அறை வாசலில் நின்று "இருவத்தி நாலும் பேசுது" என்பார். நான் எதையோ எழுதுகிற மாதிரி குனிந்துகொள்வேன்.

இப்போது சொல்கிறேன். புறா ஏன் திரும்பி வந்தது, ஏன் எச்சம் விழுகிறது என்று மாதாமாதம் கேட்கிறீர்களே, காரணம் இதுதான். வலை போட்டவன் நான், எடுத்தவனும் நான். அந்தச் செருப்புக்காரக் குழந்தை உயிரோடு வீட்டுக்குப் போனதற்குக் காரணம் என் கணக்கு அல்ல. இதே வாக்கியங்களை அறிக்கையின் திருத்தமாக எழுதி இன்று அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். என்ன நடக்குமோ நடக்கட்டும்.

அவரைப் பீர்க்கன்கரணையில் அடக்கம் செய்த அன்றும் மழை. அரங்கத்தில் மாலை நான்கு மணிக்குப் பள்ளிப் பிள்ளைகளின் பரிசளிப்பு விழா இருந்தது. கல்லறை மண் ஒட்டிய ஷூவோடு நேராக வராந்தாவுக்குப் போனேன். அவர் கை பட்ட இடத்தைத் தொட நான் கொஞ்சம் குனிய வேண்டியிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று போய்க்கொண்டே இருந்தேன். பத்தொன்பதாவது குழாயில் ஒன்றும் இல்லை. கையை எடுத்து மறுபடி வைத்தேன், காதை வைத்தேன். குளிர்ந்த இரும்பு, அவ்வளவுதான்.

கீழே ஓடி மைக்கைப் பிடித்து, மேற்குப் பக்கம் பிஸ்கட் தருகிறார்கள் என்றேன். பிள்ளைகள் பாய்ந்தார்கள். பாஷா அண்ணனை மேலே அனுப்பினேன். ஒன்றுமில்லை. காற்று மழையை மறுபக்கம் அடித்திருக்கிறது, அந்தப் பாகத்து வாய்க்காலில் தண்ணீரே சேரவில்லை. கால் மணி நேரத்தில் காற்று திரும்பியது, பத்தொன்பதும் அதிர ஆரம்பித்தது, மீதி ஐந்தையும் தொட்டுச் சுற்றை முடித்தேன். விழா தாமதமானது, தலைமை ஆசிரியர் முகம் சுளித்தார், பிஸ்கட் வாங்க ஆளை விரட்ட வேண்டியதாயிற்று. வாசலில் செக்யூரிட்டிக்காரர் இன்னொருவரிடம் சொல்வது காதில் விழுந்தது: "போச்சுடா. இஞ்சினியருக்கும் ரெஜினா அக்கா வியாதி வந்துடுச்சி."

வந்துவிட்டது. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்ததும் அது ஒன்றுதான், நான் வைத்துக்கொள்ளப்போவதும் அதைத்தான். அன்று விழா முடியும்வரை நான் உள்ளே உட்காரவில்லை. கடைசிப் பிள்ளை வேனில் ஏறிய பிறகு பம்ப் ரூமுக்குப் போனேன். அவருடைய ஸ்டூல் அங்கேயே இருந்தது. அதன் பக்கத்தில் நின்று, யாரும் இல்லாத அறையில், இருபத்து நான்கும் பேசுகிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.