மிஸிக்குத் தெரிந்த என் வயது

நம் ஊர்த் தாதி மிஸி இறந்துவிட்டார். பட்டணத்திலிருந்து குச்சவெளிக்கு அவர் வந்த பேருந்து நிலாவெளி தாண்டிக் கண்ணிவெடியில் சிக்கியதாம். நேற்றுப் பின்னேரம் அம்மா இதைச் சொல்லிவிட்டு என் வாயைப் பொத்தினார். நான் வெருகலில் பெரியம்மா வீட்டில் இருப்பதாகத்தான் அயலுக்குச் சொல்லியிருக்கிறோம். அழுகை வெளியே கேட்கக் கூடாது. அதனால் எல்லோரும் படுத்த பிறகு, அவரிடம் நிறை பார்த்த என் வகுப்புப் பிள்ளைகளே, உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

மூன்றாம் வகுப்பில் அவர் முதன்முதலாகத் தராசோடு பள்ளிக்கூடத்துக்கு வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். எல்லோருடைய நிறையையும் உரத்து வாசித்தார். என்னுடையதைக் கேட்டதும் பொடியன்கள் "அரிசிச் சாக்கு" என்றார்கள். நான் மலசலகூடத்துக்குள் ஒளிந்துகொண்டேன். மிஸி கதவுக்கு வெளியே நின்று, "பிழை என்ர, பிள்ளை. இனி வாசிக்கமாட்டன்" என்றார். அடுத்த முறை தராசைச் சுற்றி ஒரு பழைய சேலை கட்டியிருந்தது.

பத்து வயதில் என் மார்பு தடித்தது. அம்மா காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் பருக்கத் தொடங்கினார். மிஸி விசாரித்தபோது சொல்லிவிட்டேன். அன்றே வீட்டுக்கு வந்தார்.

"சாமத்தியப்பட்டுப் பெரிசான பிள்ளைக்கெல்லோ இது குடுக்கிறது?"

"எப்பிடியும் வரத்தானே போகுது, மிஸி. முன்னமே பலப்படுத்துவம் எண்டுதான்."

மிஸிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கதிரையில் இருந்து பொறுமையாக விளக்கினார். உடம்பில் கொழுப்பு கூடினால் அது சும்மா இருக்காது, ஓமோன்களையும் கூட்டிவிடும். அதனால் நிறை கூடிய சில பெண்பிள்ளைகளின் உடம்பு மற்றவர்களைவிட முந்திக்கொள்ளும் என்றார். "உடம்பு முந்தினாலும் பிள்ளை பிள்ளைதான். நீங்கள் துரத்தாதேங்கோ."

அதன் பிறகுதான் சண்டைக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்டு இயக்கத்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பக்கத்து ஒழுங்கையில் பதினான்கு வயது அக்காவைக் கொண்டுபோனார்கள். அவரைவிட நான் பெரிதாகத் தெரிவேன். அம்மா முட்டையை நிறுத்தினார், சோற்றையும் நிறுத்தினார். மெலிந்தால் சின்னப் பிள்ளையாகத் தெரிவேன் என்று நினைத்தார். தராசில் மயங்கி விழுந்தேன். மிஸி தன் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்து எனக்குத் தீத்திவிட்டு, "பயத்துக்குப் பட்டினி மருந்தில்லை" என்று அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினார்.

போன கிழமை நிறை பார்க்கும்போது அவர்களில் ஒருவர் அந்தச் சேலையை விலக்கினார். எனக்கு என்ன வயது என்று மிஸியிடம் கேட்டார்.

"பதினொண்டு."

"பாத்தா அப்பிடித் தெரியேல்லை."

"பிறந்த அண்டு இவளை நான்தான் நிறுத்தனான், தம்பி. உம்மையும் ஆரோ ஒரு மிஸி நிறுத்திருப்பா."

அந்த மனிதர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பதிவு காட்டச் சொன்னார். என் பிறப்புப் பதிவு இடம்பெயர்ந்தபோது தொலைந்துவிட்டது. ஒரு கிழமைக்குள் என் வயதுக்குச் சாட்சியாக ஒரு கடிதம் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மிஸி சேலையைத் திரும்பவும் இழுத்துக் கட்டினார். என் பிள்ளைக்கால நிறை அட்டையை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டு, பட்டணத்து டொக்டரிடம் கடிதம் வாங்கி வருவதாகச் சொன்னார்.

அந்தக் கடிதத்தோடுதான் திரும்பி வந்திருக்கிறார். பை கிடைக்கவில்லையாம். அம்மா அதைச் சொல்லவில்லை. வாசலில் மாமா தணிந்த குரலில் கதைத்ததை நான் கேட்டுவிட்டேன். எனக்காகப் போகாவிட்டால் அவர் இருந்திருப்பார். இதை உங்களிடம் மறைக்க எனக்கு ஏலாது.

நாளை வீடு வீடாகப் பார்க்க வருகிறார்களாம். அலுமாரிக்குப் பின்னால் இருக்கச் சொல்லி அம்மா இடம் ஒதுக்கியிருக்கிறார். அதற்குள் என் உடம்பு கொள்ளாது. அம்மாவுக்கும் அது தெரியும்.

மிஸியுடையது என்று என்னிடம் ஒரு பொருளும் இல்லை. அவர் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து, குரல் உயர்த்தாமல் என் வயதைச் சொன்னாரே, அது மட்டும் இருக்கிறது. நாளை கேட்டால் நானும் அப்படியே சொல்லுவேன்: பதினொன்று.