மெலே அன்ரியின் பாய்

சமோவாத் தீவுகளின் விதி இதுதான்: விருந்தாளி ஒரு பொருளைப் புகழ்ந்தால் வீட்டுக்காரர் அதை எடுத்துக் கொடுத்துவிட வேண்டும், கொடுத்தவர் பிறகு விருந்தாளியாக வந்து ஒன்றைப் புகழ்ந்தால், வாங்கியவரும் அப்படியே செய்ய வேண்டும். விலக்குகள் கிடையாது. அரசாங்க அலுவலகத்தில் விதிகளோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். எழுத்தில் இல்லாமலே இவ்வளவு தெளிவாக இருந்த விதியை வேறெங்கும் கண்டதில்லை.

தேங்காயெண்ணெயும் காய்ந்த ஓலையும் கலந்த மணம்: எழுபதுகளின் நடுவில், ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில், எங்கள் அடுக்குமாடியின் எதிர்க்கதவு திறந்தால் அதுதான் முதலில் வரும். அங்கே இருந்தவர் மெலே அன்ரி. கனடாக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு சமோவாவிலிருந்து வந்தவர். கட்டியவரோ சீக்கிரமே வேறொருத்தியோடு போய்விட்டார். ஒரு கிராமமே திரண்டு படகேறி அடுத்த கிராமத்துக்குப் பயணம் போவதையும், அங்கே உண்டு ஆடி, பாய்களைப் பரிசாக வாங்கி வருவதையும், பிறகொரு நாள் அந்தக் கிராமம் இங்கே வந்து இறங்குவதையும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். புகழ்ச்சியும் அப்படித்தான், போனது திரும்பி வரும் என்பார்.

அம்மா பாதியைத்தான் காதில் வாங்கினார். முதலில் உண்மையாகவே ஒரு சிப்பி மாலையை மெச்சினார், கைக்கு வந்தது. பிறகு மரக் கிண்ணம். "வடிவா இருக்கெண்டு ஒரு சொல்லுச் சொன்னால் காணுமடி, கழட்டித் தந்திடுவாள் விசரி" என்று தொலைபேசியில் சிநேகிதியிடம் சிரித்தார். கடைசியாக, மெலே அன்ரியின் தாய் வருடக்கணக்காகப் பின்னிய தாழையோலைப் பாய். பட்டுச் சேலைபோல மடியும், ஓரமெல்லாம் சிவப்பு இறகு. அதைப் புகழ்ந்தபோது மெலே அன்ரி ஒரு கணம் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு மடித்துக் கொடுத்தார். கால் குளிராமல் இருக்க அம்மா அதைத் தையல் மெஷினுக்குக் கீழே விரித்தார்.

ஒக்டோபரில் ஒரு நாள் மெலே அன்ரி வந்து உட்கார்ந்தார். ஊரில் தகப்பன் இறந்துவிட்டார், மாலையில் விமானம். செத்தவீட்டுக்கு மகள் அப்படியொரு பாயோடுதான் போகவேண்டும், வெறுங்கையோடு போனால் குடும்பத்துக்கே மானக்கேடு என்று எங்களுக்கு முன்பே சொல்லியிருந்தார். கேட்பது அவர்கள் வழக்கமில்லை. ஆகவே மெஷினுக்குக் கீழே பார்த்து, "எவ்வளவு அழகான பாய்" என்றார். இருவரும் பேசியது ஆங்கிலம்தான். அம்மாவின் ஆங்கிலம் யாழ்ப்பாணத் தமிழ் போலவே இருக்கும்.

"நீ தந்ததுதானே."

"இப்படி ஒன்றை நான் எங்கும் பார்த்ததில்லை."

"தேத்தண்ணி ஆறுது, குடி."

மெலே அன்ரி மூன்றாம் முறையும் பாயைப் புகழ்ந்தார். அம்மா பிஸ்கட் தட்டை அருகே தள்ளினார். மெலே அன்ரி கோப்பையைக் காலிசெய்து, நன்றி சொல்லிப் போனார்.

"தந்ததைத் திருப்பிக் கேக்கிறாளே உவள்! எங்கட ஊரிலையெண்டா நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகவேணும்" என்று அம்மா பொரிந்தார்.

வேலையால் வந்த அப்பா, "அவள் கேக்கேல்லையப்பா. புகழ்ந்தவள்" என்றார்.

அம்மாவுக்கு முகம் வெளுத்தது. பாயை உதறி மடித்து, "கொண்டுபோய்க் குடுங்கோ" என்றார். எதிர்க்கதவு பூட்டியிருந்தது.

ஊர் முகவரி எங்களிடம் இருந்தது. சடங்குகள் முடிய நாளெடுக்கும் என்பதும் தெரியும். மறுநாளே தபாலில் போட்டிருக்கலாம். ஆனால் அப்பா கொழும்புச் சுங்கத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். "ஓலைச் சாமான். அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பேலாது" என்று உரிய திணைக்களத்துக்குப் பிரதிகளோடு கடிதம் எழுதினார். அப்படிப்பட்ட கடிதங்களுக்குப் பிற்காலத்தில் நானே பதில் எழுதியிருக்கிறேன். அவை எந்தத் தட்டில் எவ்வளவு காலம் உறங்கும் என்பது எனக்குத் தெரியும். பனி வந்தது. எதிர்வீட்டுக்கு வேறு யாரோ குடிவந்தார்கள். மெலே அன்ரி திரும்பவேயில்லை.

அந்தக் கட்டிடம் இன்னும் நிற்கிறது. அதன் கதவுகள் திறந்து கிடப்பதில்லை. ஒரு பொருளைப் புகழ்ந்தால் எந்தக் கடையில் எவ்வளவு தள்ளுபடி என்று பதில் வருகிறது. அம்மாவும் அப்பாவும் போய்விட்டார்கள். பிறகு நாங்கள் குடிபோன வீட்டின் நிலவறையில் தண்ணீர் புகுந்த வருடம் பாய் பூஞ்சணம் பிடித்துக் குப்பைக்குப் போனது. மிஞ்சியிருப்பது திணைக்களத்தின் பதில் மட்டும்: இத்தகைய பொருளை அனுப்ப அனுமதி எதுவும் தேவையில்லை, முன்னரும் தேவைப்பட்டதில்லை. அது எங்கள் தபால் பெட்டிக்கு வந்து சேர்ந்தது அடுத்த வருடம் மார்ச் ஒன்பதாம் திகதி.