டொலேடோவில் நான் தொலைந்தபோது

மொன்றியலில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் எங்கள் மகள், ஒரு பருவம் மட்ரிட்டில் படிக்கப் போயிருந்தாள். நாங்கள் இருக்கும் லாசாலில் வீதியோரப் பனி கறுத்துக் கிடந்த ஒரு வாரத்தில் நானும் கணவரும் அவளைப் பார்க்கப் போனோம். ஒருநாள் காலையில் அவள் எங்களை டொலேடோவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ரயிலில் அரை மணி நேரம்தான்.

இறங்கிய இடத்திலேயே அசந்துவிட்டோம். செதுக்கிய மரக்கூரை, குதிரை லாட வடிவில் ஜன்னல்கள், நிறக் கண்ணாடியூடே தரையில் விழும் வெயில்.

"இது ஸ்டேஷன்தானே? நான் கோயில் எண்டெல்லோ நினைச்சன்" என்றார் கணவர்.

மூன்று பக்கமும் ஆறு சுற்றி ஓட, நடுவில் ஒரு குன்று. குன்று முழுக்கக் கல் வீடுகள். மொன்றியலுக்கு விருந்தினர் வந்தால் பழைய துறைமுகப் பக்கம் கூட்டிப்போய், முந்நூறு வருடக் கட்டடம் என்று பெருமையாகக் காட்டுவோம். இங்கே அந்த வயதுக் கட்டடத்தை யாரும் திரும்பியும் பார்க்கமாட்டார்கள்.

மகள் முதலில் ஒரு வெள்ளை மண்டபத்துக்குள் கூட்டிப்போனாள். வரிசை வரிசையாக வெள்ளைத் தூண்கள். அவற்றை இணைக்கும் வளைவுகளும் வெள்ளை.

"இது முந்தி யூத ஆக்களின்ரை கோயில். கட்டினது முஸ்லிம் கைவினைஞர். பேந்து சேர்ச் ஆக்கிப்போட்டினம்" என்றாள்.

"அப்ப அந்த யூத ஆக்கள்?"

"நாட்டை விட்டுப் போகச் சொல்லிட்டினம்."

"திரும்பி வரேல்லையோ?"

"இல்லை, அம்மா."

கணவர் ஒரு தூணில் உள்ளங்கையை வைத்தபடி நின்றார். சண்டைக் காலத்தில் ஊரோடு எழும்பி நடந்த ஒரு நாள் எங்கள் இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி அவளிடம் நிறையச் சொன்னதில்லை. அவசரப்பட்டு வெளியேற மனம் வரவில்லை. இவ்வளவு அமைதியான ஒன்றைக் கட்டியவர்களை நினைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றோம்.

வெளியே வந்து பெரிய தேவாலயத்தை நோக்கி நடந்தோம். கைகளை விரித்தால் இரண்டு பக்கச் சுவரையும் தொடலாம் போன்ற ஒழுங்கை. ஒரு வீட்டின் கதவு திறந்திருந்தது. உள்ளே முற்றம், நீலப் பூப்போட்ட ஓடு பதித்த சுவர், ஒரு எலுமிச்சை மரம். பார்த்துவிட்டுத் திரும்பினேன், இருவரையும் காணவில்லை. என் போன் கணவரின் பைக்குள் இருந்தது.

கனடாவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் தவறான மெட்ரோவில் ஏறி, ஏதோ ஒரு நிலையத்தின் வாங்கில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். அதே பயம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. வெயில் இருந்தது, கால் நல்லாயிருந்தது, எந்தப் பக்கம் திரும்பினாலும் பார்க்க ஏதோ இருந்தது. சும்மா நடந்தேன்.

ஒரு கன்னியர் மடத்தின் வாசலில் இனிப்புப் பெட்டியின் படம் ஒட்டியிருந்தது. உள்ளே ஆளில்லை. சுவரில் சுழலும் மரப்பெட்டி ஒன்று. பக்கத்தில் ஒரு மணி. அடித்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மெல்லிய, வயதான குரல் ஏதோ கேட்டது.

ஒரு பெட்டி வேண்டும் என்று விரலைக் காட்டினேன். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் என் விரலைக் காணமுடியாது என்பது பிறகுதான் உறைத்தது. வாயைத் திறந்துதான் ஆகவேண்டும். ஒன்று என்பதற்கு "யூன்" என்றேன், நான் வேலை செய்யும் குழந்தைகள் காப்பகத்தில், அந்தக் கார்டெரியில், பிள்ளைகளோடு பேசும் பிரெஞ்சில். அவர் வேறேதோ கேட்டார்.

"எனக்கு விளங்கேல்லை, சிஸ்டர்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது. காசை மரப்பெட்டியில் வைத்தேன், அது சுழன்றது, திரும்பி வந்தபோது அதில் இனிப்பும் மிச்சக் காசும் இருந்தன. அவர் கடைசியாக ஏதோ சொன்னார். ஆசீர்வாதமாகத்தான் இருக்கும். "நல்லது, வாறன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலே நாங்கள் கதைத்து முடித்திருந்தோம்.

எதிரே வந்த ஒருவரிடம் "கத்தீட்ரால்?" என்றேன். அந்தச் சொல் எங்கேயும் செல்லும் போலும். அவர் நான் திரும்பவேண்டிய முனை வரை கூடவே வந்து கோபுரத்தைக் காட்டினார். தேவாலய வாசலில் உட்கார்ந்து, கதவைச் சுற்றிச் செதுக்கியிருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணவர் வேர்க்க விறுவிறுக்க வந்தார், பின்னால் மகள்.

"எங்கையப்பா போனீர்? எவ்வளவு நேரமாத் தேடுறம்" என்றார் கணவர்.

"நீங்கள்தான் துலைஞ்சு போனீங்கள். நான் இஞ்சைதான் இருக்கிறன்."

மகளின் கண் கலங்கியிருந்தது. "நான் பொலிசிட்டைச் சொல்லப் போனன், அம்மா" என்றாள். ஸ்பானிய மொழியில் என் உயரம், சட்டையின் நிறம் எல்லாவற்றையும் மனத்துக்குள் சொல்லிப் பார்த்தபடி வந்திருக்கிறாள். அவளைப் பக்கத்தில் இருத்தி, பெட்டியைத் திறந்து கொடுத்தேன். வாதுமையும் சீனியும் அரைத்துச் செய்த இனிப்பு, வாயில் வைத்ததும் கரைந்தது. கணவர் கோபத்தோடேயே இரண்டு சாப்பிட்டார். மூன்றாவதை எடுத்தபோது கோபம் போயிருந்தது.

தேவாலயத்துக்குள் போனோம். பீடத்துக்குப் பின்னால், ஒரு கல் சிற்பக் கூட்டத்தின் மேல் வெளிச்சம் கொட்டிக்கொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்தால் கூரையிலேயே ஒரு துவாரம். அதன் விளிம்பிலும் தேவதூதர்கள் இருந்தார்கள். இருட்டுக்குள் சூரியனைக் கொண்டுவரக் கல்லை வெட்டியிருக்கிறார்கள். நான் கும்பிட்டேன். மகள் வெட்கப்படுவாள் என்று நினைத்தேன், அவளும் கைகூப்பினாள்.

பின்னேரம் பஸ்ஸில் ஆற்றின் அக்கரைக்குப் போனோம். அங்கிருந்து முழு நகரமும் தெரிந்தது. வெயில் சாயச் சாய வீடுகளெல்லாம் தேன் நிறமாகின.

"ரயிலுக்கு நேரமாகுது, அப்பா" என்றாள் மகள்.

"அடுத்ததிலை போவம்" என்றார் அவர், மதிலில் ஏறி உட்கார்ந்துகொண்டே. நாங்களும் பக்கத்தில் உட்கார்ந்தோம்.