குப்பைக்குக் கட்டணம் முந்நூறு

மார்ச் 4: குப்பை அகற்றிய கட்டணம், 300.
மார்ச் 11: தாமதக் கட்டணம், 30.
மார்ச் 18: மீண்டும் தாமதக் கட்டணம், 30.
மார்ச் 25: நோட்டீஸ் அச்சிட்ட செலவு, 72.
மொத்தம் 432. கட்டியது: ஒன்றுமில்லை.

இந்தக் கணக்கு என் தங்கையின் பெயரில் வந்தது. வாழ்நாளில் யாருக்கும் ஒரு காசு பாக்கி வைக்காதவள் அவள். இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

எங்கள் கட்டடத்தில் அவளைக் கத்திரி என்றுதான் சொல்வார்கள். பதினாறு வயதில் ஆயத்த ஆடைப் பட்டறையில் சேர்ந்து, முப்பத்தோரு ஆண்டுகள் சட்டைக் காலர் வெட்டினாள். கணவர் இறந்த அடுத்த வாரமே வேலைக்குப் போனாள். "வீட்ல உக்காந்தா சுவருதான் பேசும்" என்றாள். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. துணிக்குப் பதில் தாளை வெட்டத் தொடங்கினாள்.

எங்கள் படிக்கட்டுக்குச் சன்னல் கிடையாது. வெளியே மரமெல்லாம் துளிர்த்தாலும் உள்ளே அதே சாம்பல் நிறம்தான். அதனால் குளிர் முடியும் வாரத்தில் கீழ்த்தளம் முதல் நான்காம் மாடி வரை கைப்பிடிக் கம்பி நெடுகக் காகிதப் பூக்கொடி சுற்றுவாள். கூலி கேட்டதில்லை. யாரும் கொடுத்ததுமில்லை.

தாளை எடுத்ததும் ஓரத்தில் கொஞ்சம் கிழித்துப் பார்ப்பாள். நேராகக் கிழியும் திசையில்தான் தாளின் நார் ஓடுகிறது. நாரோடு வளைத்தால் இதழ் சொன்னபடி சுருளும். குறுக்கே வளைத்தால் முறியும். பென்சில் கோடு போடாமலே வெட்டுவாள். கத்தியின் முதுகால் ஒரே இழுப்பு, இதழ் தயார். ஒரு கொடிக்குக் குளிர்காலம் முழுவதும் ஆகும்.

மார்ச் மூன்றாம் தேதி அவள் கண் மருத்துவரிடம் போயிருந்தாள். திரும்பி வந்தபோது கம்பி மொட்டையாக நின்றது. மறுநாள் கட்டட உரிமையாளர் வருகிறார் என்று, குடியிருப்போர் சங்கத்தின் புதுச் செயலாளர் எல்லாவற்றையும் பிய்த்தெடுக்கச் சொல்லியிருக்கிறார். காய்கறித் தோலும் டீத்தூள் சக்கையும் கிடந்த பீப்பாயில் கொடி கிடந்தது. நேராக அவரிடம் போனாள். நானும் கூடப் போனேன்.

"எதுக்குங்க கழட்டினீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கழட்டியிருப்பேனே."

"படிக்கட்டுல குப்பை போடக் கூடாதும்மா. விதி பத்தொன்பது."

"குப்பையா?"

"பின்ன என்ன, பேப்பர்தானே!"

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியது போல மறுநாள் கதவடியில் பில் வந்தது. பிய்த்து எறிந்தது அவர். எறிந்த கூலி இவள் தலையில்! எந்த ஊர் நியாயம் இது?

எதிர்வீட்டு நர்ஸ் சமாதானம் பேசிப் பார்த்தாள். "முந்நூறுதானே அக்கா, மூஞ்சில விட்டெறிஞ்சுட்டு வாங்க."

"காசு கட்டினா, ஆமா குப்பைதான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அந்த வார்த்தைய அவரு திரும்ப எடுத்துக்கணும். அது வரைக்கும் ஒரு பைசா கிடையாது."

செயலாளர் வார்த்தையை எடுக்கவில்லை. தாமதக் கட்டணம்தான் ஏற்றினார். மார்ச் இருபத்தைந்தாம் தேதி முப்பத்தாறு வீட்டுக் கதவடியிலும் மஞ்சள் நிற நோட்டீஸ் ஒன்றைத் தள்ளிவிட்டார். என் தங்கையின் வீட்டு எண், பாக்கித் தொகை, தாள் முழுக்கத் திரும்பத் திரும்பக் கொட்டை எழுத்தில் 'குப்பை'. அடியில், 'இதனைப் பத்திரமாக வைத்துக்கொள்ளவும்.' அந்த அச்சுச் செலவும் அவள் கணக்கில்தான்.

நான் மூன்று பக்கத்துக்கு மறுப்பு எழுதிக்கொண்டு போனேன். அவள் அதைத் தொடவே இல்லை.

"அண்ணா, கொஞ்ச நேரம் சும்மா இரு. இந்த மஞ்சத் தாளைக் கிழிச்சுப் பாரு. எவ்வளவு நேரா போகுது!"

அன்று மாலை மூன்றாம் மாடி லாரி ஓட்டுநர் தன் நோட்டீஸை மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். "அக்கா, இதுல எனக்கு ஒரு பூ. எழுத்து வெளிய தெரியணும்."

அடுத்தது நர்ஸ். அதன்பின் அவள் வாசலில் வரிசையே நின்றது. நான்கு நாளில் முப்பத்து நான்கு கதவுகளில் மஞ்சள் பூ. ஒரு வீடு காலி. இன்னொன்று செயலாளர் வீடு. பூக்களை யாரும் கம்பியில் கட்டவில்லை. அவரவர் கதவில் மாட்டினார்கள். விதி பத்தொன்பது கதவைப் பற்றிப் பேசவில்லை. எந்தப் பூவைப் பார்த்தாலும் ஏதாவது ஓர் இதழில் அந்தச் சொல் இருந்தது.

செயலாளர் ஓட்டுநர் வீட்டு வாசலில் நின்றார்.

"இதைக் கழட்டுங்க."

"நீங்க குடுத்த தாளுதானே சார்? பத்திரமா வைக்கச் சொன்னீங்க, வச்சிருக்கேன்."

"எழுத்து தெரியுதுய்யா!"

"உங்க எழுத்துதான் சார். எவ்வளவு லட்சணமா இருக்கு!"

மேல்மாடியில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு மாடி மாடியாக இறங்கி வந்தது.

ஏப்ரல் இரண்டாம் தேதி ஒரு கடிதம்: 'உங்கள் வயதையும் தனிமையையும் கருணையுடன் கருதி, தொகை முழுவதும் தள்ளுபடி செய்யப்படுகிறது.' பணப் பாக்கி போயிற்று, 'குப்பை' என்ற சொல் போகவில்லை. கருணை குற்றவாளிக்குக் காட்டுவது. இவள் செய்த குற்றம் என்ன?

"யாரு தனிமை?" என்றாள் தங்கை. "இந்த வாரம் என் வீட்ல வந்து டீ குடிச்சவங்களுக்கு டம்ளர் பத்தல." கடிதத்தைக் கொண்டுபோய் அவர் கதவடியிலேயே தள்ளிவிட்டு வந்தாள்.

நான்கு நாள் கழித்துச் செயலாளரின் மனைவி வந்தார். கையில் அவர்கள் வீட்டு நோட்டீஸ்.

"எங்க கதவு மட்டும் மொட்டையா நிக்குதுங்க. வர்றவங்கல்லாம் ஏன்னு கேக்கறாங்க. எங்களுக்கும் ஒண்ணு..."

"உள்ள வாங்க, உக்காருங்க. பூவுக்கென்ன, செஞ்சு தர்றேன். உங்க வீட்டுக்காரரு முதல்ல அந்த வார்த்தைய எடுக்கட்டும்."

அந்தம்மா டீயைக் குடித்துவிட்டு, "இன்னிக்கு வீட்டுக்கு வரட்டும் அவரு" என்று எழுந்து போனார்.

பிறகு வந்தது கடைசிக் கடிதம். அதன் நகல் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்பட்டது. 'உங்கள் காகிதப் பூக்களைக் குப்பை என்று சொன்னதும் எழுதியதும் தவறு. கேட்காமல் எடுத்து எறிந்ததற்கு வருந்துகிறேன்.' கருணை என்ற சொல் அதில் இல்லை. தங்கை இரண்டு முறை படித்தாள்.

அவளுக்கு வரவேண்டிய பாக்கி வந்து சேர்ந்த தேதி: ஏப்ரல் 9.