ஐஸ் கொட்டிய இறக்கம்

திருகோணமலையில் ஐஸ் என்றால் மீன்பெட்டிக்கும் சர்பத்துக்கும்தான். அதன்மேல் வாகனம் ஓட்டியவள் நான் என்றால் இன்றைக்கும் ஒருவரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும்.

யுத்த காலம். நிவாரணக் கந்தோர் ஒன்றில் எனக்கு வேலை. அன்று காலை பாலையூற்றுக்கு அப்பால் ஒரு சேற்றுப் பாதையில் போய்ப் பால்மா இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். எங்கள் சாரதி அண்ணைக்கு வலது மணிக்கட்டு சுளுக்கியிருந்தது. அதனால் ஜீப்பை நான் ஓட்டினேன்; அவர் பக்கத்தில் இருந்தார். லைசென்ஸ் எடுத்து நாலு மாதம். தலைக்கனத்துக்கு மட்டும் குறைவில்லை.

தார் வீதிக்கு ஏறியதும் சேற்றுக்காகப் போட்டிருந்த ஃபோர்வீல் டிரைவைக் கழற்றப் போனேன்.

“விடுங்கோ தங்கச்சி, இறக்கம் வருது. முதலாம் கியரிலையே போகட்டும். கிளச்சையும் பிரேக்கையும் தொடாதையுங்கோ.”

“நாலு சில்லும் இழுக்குது. பிறகென்ன பயம் அண்ணை?”

“போறதுக்குத்தான் நாலும் இழுக்கும். நிக்கிறதுக்கு இழுக்காது.”

இந்த மனுசனுக்கு எப்போதும் ஒரு கதை என்று நினைத்துக்கொண்டேன்.

இறக்கத்தின் அடியில் ஆமிச் சென்றி, சோதனைச் சாவடி. அதற்குச் சற்று மேலே ஒரு மீன் லொறியை ஓரம் கட்டியிருந்தார்கள். மீனுக்கு அடியில் ஏதும் ஒளித்துவைத்திருக்கிறதா என்று பார்க்கப் பெட்டி பெட்டியாகக் கவிழ்த்து, நொறுக்கிய ஐஸை வீதி முழுவதும் கொட்டியிருந்தார்கள். வெயிலில் அது பளபளத்தது. ஒரு சிப்பாய் வீதியின் நடுவில் வந்து நின்று கையைக் காட்டினான்.

நான் கிளச்சையும் பிரேக்கையும் ஒன்றாக மிதித்தேன். சில்லுகள் நின்றுவிட்டன. ஜீப் நிற்கவில்லை. அப்படியே வழுக்கிக்கொண்டு அவனை நோக்கிப் போனது. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் அதற்குக் காது கேட்கவில்லை. இன்னும் இறுக்கி மிதித்தேன்.

சென்றியில் நிற்காத வாகனத்துக்கு என்ன நடக்கும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவன் துவக்கை நீட்டினான்.

“பிரேக்கை விடுங்கோ! விடுங்கோ!” என்று அண்ணை கத்தியது காதில் விழுந்தது. ஆனால் துவக்கைக் கண்டால் கையைத் தூக்கித்தான் எங்களுக்குப் பழக்கம். நானும் தூக்கினேன், ஓடிக்கொண்டிருந்த ஜீப்பின் ஸ்டியரிங்கை விட்டு, இரண்டு கையையும். விறைத்துப்போன கால்களும் கூடவே மேலே வந்துவிட்டன.

அதுதான் எங்களைக் காப்பாற்றியது. கால் விலகியதும் சில்லுகள் மறுபடி உருண்டன; முதலாம் கியர் பிடித்தது; ஜீப் முனகிக்கொண்டு மெதுவானது. சுடுகிறான், இப்போது சுடுகிறான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அண்ணை இடக்கையை எட்டி ஹாண்ட்பிரேக்கை இழுத்தார். ஒரு உதறல். எஞ்சின் நின்றுவிட்டது.

வெடிச் சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தேன். பின்வாங்கிய சிப்பாய் ஐஸில் சறுக்கி விழுந்திருந்தான். துவக்கு எங்கோ தள்ளிக் கிடந்தது. பம்பருக்கும் அவன் சப்பாத்துக்கும் நடுவில் ஒரு முழம் இருக்கும். ஐஸ் தண்ணீரில் இருந்தபடி, என்னைப் பார்த்து, அவனும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டிருந்தான்.

“சரி தங்கச்சி, நிண்டிட்டுது. கையை இறக்குங்கோ” என்றார் அண்ணை.

“ஏலாது. முதல்லை அவரை இறக்கச் சொல்லுங்கோ” என்றேன்.